1996 புல்ஸ், 2017 வாரியர்ஸ்: ஏழு ஆட்டத் தொடர் என்றால் யார் ஜெயிப்பார்கள்?

கேள்வி இதுதான்: 1995-96 சிகாகோ புல்ஸ் அணியும் 2016-17 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் ஏழு ஆட்டத் தொடரில் நேருக்கு நேர் மோதினால் கோப்பை யாருக்கு? இரண்டுமே அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் சாம்பியன்கள். நடுவில் 21 வருட இடைவெளி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 விதிகளின்படி ஆடினால் வாரியர்ஸ், ஆறு ஆட்டங்களில். 1996 விதிகளின்படி ஆடினாலும் வாரியர்ஸ்தான் என்பது என் கணிப்பு, ஆனால் அது ஏழாவது ஆட்டத்தின் கடைசி சில நிமிடங்கள் வரை போகும். வழக்கமாக இந்தக் கேள்விக்கு வரும் பதில், "பழைய விதி என்றால் புல்ஸ், புதிய விதி என்றால் வாரியர்ஸ்" என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது நிற்காது. எந்த விதி யாருக்குச் சாதகம் என்பதோடு, ஒவ்வொரு அணியின் பலத்திலும் எது காலம் தாண்டிப் போனாலும் பலமாகவே இருக்கும், எது அந்தக் காலத்தோடு நின்றுவிடும் என்று பார்க்க வேண்டும்.

ஏன் 73 ஆட்டங்கள் ஜெயித்த 2015-16 வாரியர்ஸை எடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். அந்த அணி புல்ஸின் 72-10 (72 வெற்றி, 10 தோல்வி) சாதனையை முறியடித்தது உண்மை. ஆனால் ஃபைனல்ஸில் கிளீவ்லேண்டிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து 4-3 என்று தோற்றது. சாம்பியன்களை ஒப்பிடும்போது அது கணக்கில் வராது. அடுத்த வருடம் கெவின் டுரான்ட் வந்து சேர்ந்தார். தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து குவிந்ததில், அணிகளுக்கான சம்பள உச்சவரம்பு ஒரே வருடத்தில் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்கு எகிறியதால்தான் அது சாத்தியமானது. அந்த அணி சீசனில் 67-15, ப்ளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் தொடர்களில்) 16-1. போர்ட்லேண்ட், யூட்டா, சான் அன்டோனியோ மூன்றையும் 4-0, ஃபைனல்ஸில் கிளீவ்லேண்டை 4-1. அந்த ஒரு தோல்விக்கும் கிளீவ்லேண்ட் 24 த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்) அடிக்க வேண்டியிருந்தது.

புல்ஸ் சீசனில் 72-10, ப்ளேஆஃபில் 15-3. மியாமியை 3-0, நியூயார்க்கை 4-1, ஷகீல் ஓ'நீல் இருந்த ஆர்லாண்டோவை 4-0, ஃபைனல்ஸில் சியாட்டிலை 4-2. சொந்த மைதானத்தில் சீசன் முழுக்க இரண்டே தோல்விகள். மைக்கேல் ஜோர்டன், ஸ்காட்டி பிப்பன், டென்னிஸ் ரோட்மன் மூவருமே அந்த வருடத்தின் சிறந்த தற்காப்பு ஐவரில் இருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட பட்டியலில் மூன்று பேர் ஒரே அணி!

இந்த மாதிரி மோதலை யோசிக்கும்போது ஒரு விஷயத்தை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். புல்ஸை 1996 ஜூனிலிருந்து அப்படியே தூக்கிவந்து மறுநாள் வாரியர்ஸ் முன்னால் நிறுத்துகிறோமா? அப்படிச் செய்தால் அது நியாயமான போட்டியே இல்லை. முப்பது அடியில் நின்று எறியும் ஒருவரைத் தடுக்க வேண்டும் என்ற தேவையே அவர்களுக்கு அதுவரை வந்ததில்லை. அதேபோல வாரியர்ஸை 1996க்குத் தூக்கிக்கொண்டு போனால், உதவித் தற்காப்புக்கு நிற்கும் இடத்துக்கெல்லாம் விசில் ஊதுவார்கள். அதனால் நான் வைத்துக்கொள்ளும் நிபந்தனை: இரண்டு அணிக்கும் எதிராளியின் காலத்தில் ஒரு முழு சீசன் ஆடிப் பழகும் வாய்ப்பு தரப்படுகிறது. ஆட்களும் வயதும் உடலும் அதே. புல்ஸ் பயிற்சியாளர் பில் ஜாக்சனுக்கும் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெருக்கும் வீடியோ பார்த்துத் திட்டம் போட நேரம் இருக்கிறது.

ஸ்டீவ் கெர் இந்த இரண்டு அணியிலும் இருக்கிறார் என்பது இந்த ஒப்பீட்டுக்குத் தனி ருசி தருகிறது. 1996இல் புல்ஸின் பெஞ்சிலிருந்து வந்து த்ரீ அடித்தவர், அதுவும் பாதிக்கு மேல் உள்ளே போட்டவர். 2017இல் வாரியர்ஸின் பயிற்சியாளர். வாரியர்ஸின் ஆட்டத்தில், பந்து மூலையிலிருந்து போஸ்டுக்கு (கூடைக்குப் பக்கத்து இடத்துக்கு) போய், அங்கிருந்து வெட்டி ஓடுகிறவனுக்கு வருவதைப் பார்த்தால், புல்ஸின் உதவிப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டர் சொல்லிக்கொடுத்த முக்கோண ஆட்டத்தின் சாயல் தெரியும். ஆக ஒரு அணியின் பாடத்தில் கொஞ்சம் இன்னொரு அணிக்குள் இருக்கிறது.

எண்களை வைத்து முடித்துவிடலாமா என்றால் முடியாது. 100 பொசஷனுக்கு (பந்து கைக்கு வரும் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு பொசஷன்) எவ்வளவு அடித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கிட்டால் புல்ஸின் வித்தியாசம் 13 சொச்சம், வாரியர்ஸின் வித்தியாசம் 11 சொச்சம். புல்ஸ்தான் மேலே. ஆனால் 1995-96இல்தான் டொராண்டோ, வான்கூவர் என்று இரண்டு புதிய அணிகள் லீகில் சேர்ந்தன. அதற்கு ஆறேழு வருடங்களுக்கு முன்பு சார்லட், மியாமி, மினசோட்டா, ஆர்லாண்டோ என்று நான்கு சேர்ந்திருந்தன. திறமையான ஆட்கள் பல அணிகளில் பிரிந்து கிடந்த காலம் அது. 2016-17இல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த வீரர்கள் 100 பேருக்கு மேல் லீகில் இருந்தார்கள், போட்டி அந்த அளவுக்கு இறுகியிருந்தது. மறுபக்கம், இந்த வாதத்தை ரொம்ப நீட்டவும் கூடாது. அந்தப் புதிய டொராண்டோதான் 1996 மார்ச்சில் புல்ஸை ஒரு புள்ளியில் தோற்கடித்தது. புல்ஸ் ப்ளேஆஃபில் வீழ்த்திய ஆர்லாண்டோவும் சியாட்டிலும் எந்தக் காலத்திலும் நல்ல அணிகள்தான்.

சரி, விதிகளுக்கு வருவோம். இங்கேதான் நிறைய தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

முதலாவது கையால் தடுப்பது. "1996இல் வாரியர்ஸின் ஸ்டீஃபன் கரியைக் கையால் பிடித்துத் தள்ளியே நிறுத்தியிருப்பார்கள்" என்று அடிக்கடி சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது 1980களின் கடைசியில் ஜோர்டனை டெட்ராய்ட் நடத்திய விதம். 1994-95 சீசனிலேயே கையால் தடுப்பதற்கு லீக் பெரிய அளவில் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. 2004-05இல் அது இன்னும் இறுகியது. ஆகவே 1996 என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம். முரட்டுத்தனத்துக்கு 2017ஐ விடக் கூடுதல் இடம் உண்டு, குறிப்பாகப் பந்து இல்லாமல் ஓடுகிறவரை இடித்து நிறுத்துவதற்கு. கரிக்கு அது தொந்தரவு தரும். 2016 ஃபைனல்ஸில் கிளீவ்லேண்ட் அதைத்தான் செய்தது, பலனும் கிடைத்தது. ஆனால் அது தொந்தரவு மட்டும்தான். அவரை ஆட்டத்திலிருந்தே அழித்துவிடும் ஆயுதம் அல்ல.

இரண்டாவது, த்ரீ பாயிண்ட் கோடு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசன்களுக்கு அந்தக் கோடு எல்லா இடத்திலும் 22 அடிக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடுப்பகுதியில் அது 23 அடி 9 அங்குலம். 1995-96இல் ஜோர்டன் 42.7 சதவீதம் த்ரீ அடித்தார், ஆனால் கோடு பழைய இடத்துக்குப் போன 1997-98இல் அது 23.8 சதவீதமாக விழுந்தது. அப்படியென்றால் 1996 விதிகளில் ஆடும்போது புல்ஸ் கொஞ்சம் நன்றாக எறிவார்கள், உண்மை. அதே 22 அடிக் கோட்டைக் கரி, கிளே தாம்ப்சன், டுரான்ட் மூவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள். 2017 விதிகளுக்குப் போனால் புல்ஸ் இந்த வசதியை இழக்கிறார்கள், வாரியர்ஸ் இழப்பதற்கு எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: சட்டவிரோதத் தற்காப்பு விதி. 2001 வரை என்.பி.ஏ.யில் ஒருவர் தன் ஆளோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் பந்து வைத்திருப்பவர் மீது முழுதாகப் பாய வேண்டும். நடுவில் எங்கேயோ மிதந்துகொண்டு இரண்டு பேரைக் கவனிக்க முடியாது. 2001-02இல் அதை எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு ஆள் இல்லாமல் பெயிண்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகத்துக்குள்) மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று வைத்தார்கள். இந்தத் தொடரில் இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? டிரேமண்ட் கிரீன். 2017இன் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கிய அவருடைய மேதைமை முழுக்க, தன் ஆளைப் பாதி விட்டுவிட்டு நடுவில் நின்று மற்ற நான்கு பேரின் தவறுகளையும் மூடுவதில்தான் இருக்கிறது. புதிய விதியில் அவர் ரோட்மனை விட்டுவிட்டு ஜோர்டனின் பாதையில் நிற்பார். பழைய விதியில் ரோட்மன் த்ரீ கோட்டுக்கு வெளியே போய் நின்றாலே கிரீனும் பின்னால் வர வேண்டும், அல்லது முழு இரட்டைத் தடுப்புக்குப் போக வேண்டும். அப்போது ஜோர்டன் இடது பக்க போஸ்டில் தாம்ப்சனை முதுகில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஆடலாம்.

புல்ஸ் ரசிகர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே விதி மறுபக்கமும் வெட்டும். டுரான்ட் பந்தோடு பிப்பனுக்கு முன் தனியாக நிற்கிறார், உதவிக்கு மிதந்து வர யாருக்கும் அனுமதி இல்லை. கரி மேலே, தாம்ப்சன் மூலையில். 1996இல் புல்ஸை எதிர்த்து நின்ற எந்த அணியிலும் தனியாக ஆளைத் தாண்டக்கூடிய, தூரத்திலிருந்தும் எறியக்கூடிய மூன்று பேர் ஒன்றாக இருந்ததில்லை. பழைய விதி ஜோர்டனுக்குத் தரும் சுதந்திரத்தை இவர்கள் மூவருக்கும் சேர்த்தே தருகிறது. பழைய விதியிலும் வாரியர்ஸ் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது ஆட்டத்துக்குள் போவோம். யார் யாரைத் தடுப்பார்கள்? ஹார்ப்பர் கரியை, ஜோர்டன் தாம்ப்சனை, பிப்பன் டுரான்ட்டை, ரோட்மன் கிரீனை, லூக் லாங்லி ஸாஸா பச்சூலியாவை. இது தொடக்க ஐவர். இந்த ஐவரில் நடைமுறைக்கு ஒத்துவராதவர் லாங்லி. 7 அடி 2 அங்குலம், நல்ல திடமான சென்டர் (கூடையடியில் ஆடும் உயரமானவர்), முக்கோண ஆட்டத்தில் அருமையாகப் பாஸ் கொடுப்பவர். ஆனால் பச்சூலியா வந்து கரிக்கு ஸ்கிரீன் வைக்கும் (கரியைக் காப்பவரின் வழியில் குறுக்கே நிற்கும்) ஒவ்வொரு முறையும் லாங்லி த்ரீ கோடு வரை வெளியே வர வேண்டும். வந்தால் கரி தாண்டிவிடுவார், வராவிட்டால் எறிந்துவிடுவார். இந்தத் தொடரில் லாங்லி பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆடினாலே அதிகம்.

நல்லவேளை, ஜாக்சனிடம் வேறு ஐவர் தயாராகவே இருந்தார்கள். ஹார்ப்பர், ஜோர்டன், பிப்பன், குகோச், ரோட்மன். 1996இல் நெருக்கமான ஆட்டங்களை முடிக்க அவர் அனுப்பிய கூட்டணி இது. எல்லோரும் 6 அடி 6 அங்குலத்துக்கும் 6 அடி 11 அங்குலத்துக்கும் இடையில். சென்டர் என்று பெயருக்குக்கூட யாரும் இல்லை, 6 அடி 7 அங்குல ரோட்மன்தான் அந்த வேலையைப் பார்க்கிறார். 2015க்குப் பிறகு லீக் முழுக்கத் தேடியலைந்த, ஸ்கிரீன் வந்தால் ஆளை மாற்றிக்கொள்ளும் தற்காப்புக்கு இதைவிடப் பொருத்தமான நால்வரை நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஹார்ப்பர், ஜோர்டன், பிப்பன், ரோட்மன் நால்வரும் தங்களுக்குள் யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டு காக்கலாம். புல்ஸின் பலங்களில் காலம் தாண்டி நிற்பது இதுதான். சொல்லப்போனால் 1996ஐ விட 2017இல்தான் இதற்கு மதிப்பு அதிகம்.

இது வெறும் கற்பனை இல்லை, சாட்சி இருக்கிறது. 2016 மேற்குப் பிரிவு இறுதியில் ஓக்லஹோமா சிட்டி, நீண்ட கைகள் கொண்ட ஆட்களை வைத்து இதே மாதிரி மாற்றிமாற்றிக் காத்து வாரியர்ஸை 3-1 என்று ஓரம் கட்டியது. கரி பல ஆட்டங்களில் தடுமாறினார். ஆனால் அந்தத் தொடர் எப்படி முடிந்தது? ஆறாவது ஆட்டத்தில் தாம்ப்சன் 11 த்ரீ அடித்து 41 புள்ளி எடுத்தார், வாரியர்ஸ் தொடரையே திருப்பினார்கள். எதிரணியின் தற்காப்பில் பெரிய குறை எதுவும் இல்லாத நாளில்கூட அந்த அணி ஜெயிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அதோடு அந்த ஓக்லஹோமா தற்காப்பின் நீளமான கைகளில் ஒரு ஜோடி டுரான்ட்டுடையது. அவர் இப்போது இந்தப் பக்கம் ஆடுகிறார்.

டுரான்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிப்பன் எல்லாக் காலத்திலும் சிறந்த தற்காப்பு வீரர்களில் ஒருவர். 1991 ஃபைனல்ஸில் மேஜிக் ஜான்சனை அலைக்கழித்தவர். ஆனால் அவர் எதிராளியைக் கெடுக்கும் முறை, பந்தை இறக்க விடாமல் அழுத்துவது, பாஸ் கோணங்களை மூடுவது. டுரான்ட்டுக்கு இரண்டும் பெரிதாகத் தேவையில்லை. பட்டியலில் 6 அடி 9 அங்குலம் என்று போட்டாலும் நேரில் ஏழு அடிக்குப் பக்கம். ஒரு தட்டு தட்டி மேலே எழுந்தால் பிப்பனின் கை எட்டும் உயரத்துக்கு மேல் பந்து போய்விடும். 2017 ஃபைனல்ஸில் சராசரி 35.2 புள்ளி. புல்ஸிடம் இதற்கு விடை இல்லை. விலையைக் கூட்டலாம், ஒரு ஆட்டத்துக்கு 35க்குப் பதில் 28 என்று ஆக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் பிப்பனை டுரான்ட் மேல் வைக்காமல் கரி மேல் வைத்தால்? இது நான் ஜாக்சனாக இருந்தால் முதல் பாதியிலேயே செய்து பார்க்கும் மாற்றம். பாயிண்ட் கார்டு (பந்தை முன்னே கொண்டுவருபவர்) மேல் பிப்பனைப் போட்டு எதிரணியின் ஆட்டத்தை வேரிலேயே குழப்புவது ஜாக்சனுக்குப் பிடித்த உத்தி. பந்தைப் பாதிக் கோர்ட் தாண்டிக் கொண்டுவருவதற்கே ஏழு விநாடி ஆகிவிட்டால் வாரியர்ஸின் பாஸ் ஓட்டம் குறையும். ஆனால் அப்போது டுரான்ட்டை யார் பார்ப்பது? ரோட்மனா? அவருக்கு அப்போது வயது 35. முழு ஆட்டத்துக்கு அவரால் ஓட முடியாது, அதோடு கூடைக்குக் கீழே அவர் இல்லாவிட்டால் புல்ஸின் பெரிய ஆயுதமே போய்விடும்.

அந்த ஆயுதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புல்ஸ் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது என்றால் அது இதுதான். வாரியர்ஸ் ஏன் அவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் த்ரீ என்பார்கள். ஆட்டத்துக்கு 31 த்ரீ எறிந்தார்கள், புல்ஸ் 16 சொச்சம். ஆனால் உண்மையான இடைவெளி அங்கே மட்டும் இல்லை. த்ரீக்குப் பயந்து எல்லோரும் வெளியே வந்துவிடுவதால் உள்ளே காலியாகி, இரண்டு புள்ளி எறிதல்களையும் வாரியர்ஸ் சுமார் 56 சதவீதம் உள்ளே போட்டார்கள். புல்ஸுக்கு அது ஏறக்குறைய 50. த்ரீயின் கூடுதல் மதிப்பையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கிட்டால் வாரியர்ஸின் எறிதல் திறன் 56க்குச் சற்று மேலே, புல்ஸுடையது 52க்குச் சற்றுக் கீழே. ஒரு ஆட்டத்தில் 85 எறிதல் என்று வைத்தால், இந்த இடைவெளிக்கு விலை ஏறக்குறைய எட்டுப் புள்ளி.

எட்டுப் புள்ளியை ஈடுகட்ட புல்ஸுக்கு எட்டு பொசஷன் கூடுதலாக வேண்டும். அது அவர்களால் முடியாத காரியமே இல்லை. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் 15 தாக்குதல் ரீபவுண்ட் (தங்கள் தவறிய எறிதலில் பந்தைத் தாங்களே மீட்பது) எடுத்தார்கள், வாரியர்ஸோ ஒன்பது சொச்சம்தான். 1996 ஃபைனல்ஸின் இரண்டாவது ஆட்டத்திலும் ஆறாவது ஆட்டத்திலும் ரோட்மன் தலா 11 தாக்குதல் ரீபவுண்ட் எடுத்தார். இரண்டிலுமே புல்ஸ் ஜெயித்தது. ரீபவுண்டில் வாரியர்ஸ் சுமார்தான். கிளீவ்லேண்டின் டிரிஸ்டன் தாம்ப்சன் 2015இலும் 2016இலும் அவர்களை அங்கேதான் குடைந்தார். இதோடு ஜோர்டன், பிப்பன், ஹார்ப்பர் பறிக்கும் பந்துகள். வாரியர்ஸ் அழகாகப் பாஸ் கொடுப்பார்கள், கூடவே கவனக்குறைவாகவும் கொடுப்பார்கள். கரி முதுகுக்குப் பின்னால் வீசும் பாஸ்களில் சிலதை பிப்பன் காற்றிலேயே எடுத்துவிடுவார்.

பிரச்சினை என்னவென்றால், ரீபவுண்டுக்கு மூன்று பேரை அனுப்பினால் பின்னால் காவல் இல்லை. பந்து கிரீன் கையில் விழுந்தால் அவரே ஓட்டிக்கொண்டு வருவார், இரண்டு பக்கமும் கரியும் தாம்ப்சனும் த்ரீ கோட்டில் நின்றுவிடுவார்கள். அந்த ஓட்டத்தைத் தாங்கிய அணி அன்று லீகில் இல்லை. எனவே புல்ஸுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கூடுதல் வாய்ப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. ஜாக்சன் ரோட்மனை மட்டும் அனுப்பி மற்றவர்களைத் திருப்பி ஓடச் சொல்வார் என்று நினைக்கிறேன். அப்போது எட்டு என்பது நான்கு, ஐந்தாகக் குறையும். ஆட்டத்துக்கு மூன்று நான்கு புள்ளி வாரியர்ஸுக்குச் சாதகம் என்ற இடத்தில் கணக்கு வந்து நிற்கிறது. இந்த அளவு வித்தியாசம் இருந்தால் தொடர் ஆறு, ஏழு ஆட்டம் போகும். 4-0 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜோர்டனை யார் தடுப்பது? தாம்ப்சன் தொடங்குவார், இகுவடாலா தொடர்வார், சில நேரம் டுரான்ட் தன் நீளத்தை வைத்து முயல்வார். யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அது 1991 ஜோர்டன் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1996 ஃபைனல்ஸின்போது அவருக்கு 33 வயது. பேஸ்பால் ஆடிவிட்டுத் திரும்பி ஒரு வருடம் சொச்சம்தான். கூடைக்குப் பாய்வதைக் குறைத்து, பின்னால் சாய்ந்து எறியும் நடுத்தூர எறிதலை நம்பியிருந்தார். அந்தத் தொடரில் நான்காவது ஆட்டத்திலிருந்து சியாட்டிலின் கேரி பேட்டன் அவரைக் காத்தபோது எறிதல் சதவீதம் கீழே போனது. ஆறாவது ஆட்டத்தில் 19க்கு 5. இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் கூடைப்பந்தை நான் நேசிக்கத் தொடங்கியதே இந்த மனிதரைப் பார்த்துத்தான். ஆனாலும் உண்மை அதுதான். அவர் ஆட்டத்துக்கு 33 அடிப்பார், அதற்கு 28 எறிதல் எடுத்துக்கொள்வார். வாரியர்ஸ் அந்தப் பேரத்துக்குச் சம்மதிப்பார்கள். 2017 ஃபைனல்ஸில் லெப்ரான் ஜேம்ஸ் 33.6 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் என்று மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தும், கைரி இர்விங் 29 புள்ளிக்கு மேல் சராசரி வைத்தும் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயிக்க முடிந்தது.

புல்ஸ் தாக்குதலில் எனக்குப் பிடித்த வழி ஹார்ப்பர். கரியை வாரியர்ஸ் ஹார்ப்பர் மேல்தான் ஒளித்து வைப்பார்கள். ஹார்ப்பர் முழங்கால் காயத்துக்கு முன் ஆட்டத்துக்கு 20 புள்ளி அடித்தவர், 6 அடி 6 அங்குலம். முக்கோண ஆட்டத்தில் எந்த கார்டு வேண்டுமானாலும் போஸ்டில் போய் உட்காரலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் கால்பகுதியில் ஐந்தாறு தடவை அவரைக் கரியோடு உள்ளே அனுப்பினால், கரிக்கு ஃபவுல் ஏறும், கால் சோரும். 2016இல் கிளீவ்லேண்ட் கரியைத் தேடித்தேடிப் பிடித்ததும் இதே நோக்கத்தில்தான்.

பெஞ்ச் ஏறக்குறையச் சமம். குகோச் அந்த வருடத்தின் சிறந்த ஆறாவது ஆள், கெர் எறிவார், பில் வென்னிங்டன் இடம் நிரப்புவார். அந்தப் பக்கம் இகுவடாலா, லிவிங்ஸ்டன், டேவிட் வெஸ்ட், ஜாவேல் மெக்கீ. தற்காப்பில் கெர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வாரியர்ஸுக்குக் கொண்டாட்டம், அதனால் புல்ஸால் தங்கள் நல்ல எறிவீரரை நீண்ட நேரம் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, மனநிலை. ரோட்மன் எதிராளியைச் சீண்டி வெளியேற வைப்பதில் தேர்ந்தவர். சியாட்டிலின் ஃபிராங்க் பிரிகாவ்ஸ்கி அவரோடு மல்லுக்கு நின்று ஃபைனல்ஸில் வெளியேற்றப்பட்டார். கிரீன் 2016 ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கையால் ஆட முடியாமல் போனவர், அந்த இடத்திலிருந்துதான் தொடர் நழுவியது. இந்த இருவரும் ஏழு ஆட்டம் உடம்போடு உடம்பு உரசி நிற்பார்கள். கிரீன் ஒரு ஆட்டம் வெளியே போனால் அந்த ஆட்டம் புல்ஸுக்கு, சந்தேகமே இல்லை.

தொடர் எப்படிப் போகும்? 72 வெற்றி இருப்பதால் சொந்த மைதான வசதி சிகாகோவுக்கு. 2017 விதி, 2017 அட்டவணை என்றால் சிகாகோவின் யுனைட்டெட் சென்டரில் முதல் இரண்டில் ஒன்றைப் புல்ஸ் ஜெயிப்பார்கள். வாரியர்ஸின் மைதானம் இருந்த ஓக்லாந்தில் இரண்டையும் வாரியர்ஸ் எடுப்பார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஜோர்டன் 45 அடித்துத் தொடரை நீட்டுவார். ஆறாவது ஓக்லாந்தில், மூன்றாம் கால்பகுதியில் வாரியர்ஸ் ஐந்து நிமிடத்தில் 20 புள்ளி ஓடிவிடுவார்கள். அந்த அணியைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மூன்றாம் கால்பகுதி நன்றாகத் தெரியும்.

1996 விதி என்றால் அட்டவணையும் மாறும். அப்போது ஃபைனல்ஸ் 2-3-2 முறையில் நடந்தது, கடைசி இரண்டும் சிகாகோவில். கிரீன் மிதக்க முடியாது, கரியை இடிக்கலாம், மோதினாலும் தாக்குதல் ஃபவுல் விழாத கூடையடி அரைவட்டம் அப்போது இல்லாததால் வெட்டி ஓடி வரும் வாரியர்ஸ் மேல் நிறைய தாக்குதல் ஃபவுல் விழும். அதனால் தொடர் ஏழுக்குப் போகிறது. ஏழாவதில் புல்ஸ் மூன்று நிமிடம் இருக்கும்போது முன்னிலையில்கூட இருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தில், உதவிக்கு வர அனுமதி இல்லாத கோர்ட்டில், பிப்பன் தலைக்கு மேல் டுரான்ட் மூன்று தடவை எழும்புவார் என்பதால்தான் வாரியர்ஸ் பக்கம் சாய்கிறேன். தொடர் நாயகன் டுரான்ட். தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இதுவரை 1969இல் ஜெர்ரி வெஸ்ட் ஒருவர்தான். இந்தத் தொடரில் ஜோர்டனுக்கும் சில ஓட்டுகள் விழும், என் ஓட்டும் அதில் ஒன்றாக இருக்கும்.